கையைத் தூக்கினால் நிறுத்திவிடுவேன்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்கு எழுத்து வராது. அஞ்சாவது வரைதான் படித்தேன். அதற்கப்புறம் பேனா பிடித்ததெல்லாம் கையெழுத்துப் போடத்தான். வரி மேலே ஏறும், கீழே இறங்கும். நடுவில் ஒன்றை மறந்துவிட்டு அப்புறம் திரும்பி வந்து சொல்லுவேன். கோபித்துக்கொள்ளாமல் படியுங்கள். எல்லார் முன்னாலும் நின்று பேசச் சொன்னீர்கள். அது என்னால் ஆகாது, நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் எழுதித் தருகிறேன்.

குழந்தைகளுக்குப் பல் பார்க்கிற இடத்தில் டாக்டருக்கு உதவியாகப் புதிதாகச் சேர்ந்திருக்கிறீர்கள். தாய்மார்கள் உங்களை ஓரமாகக் கூப்பிட்டு, "ஏம்மா, இந்த டாக்டர நம்பி புள்ளய வுடலாமா?" என்று கேட்பார்கள். டாக்டரிடம் கேட்கமாட்டார்கள், நம்மிடம்தான் கேட்பார்கள். அதற்கு என்ன பதில் சொல்வது என்று போன தடவை நான் அங்கே வந்தபோது உங்களில் ஒருத்தி கேட்டாள். நான் சிரித்துவிட்டுச் சும்மா இருந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து சோறு போட்டுக்கொள்ளும்போது அஞ்சலையின் ஞாபகம் வந்தது. அவள் கதையைச் சொன்னாலே பதில் சொன்ன மாதிரிதான்.

பிரெஞ்சுக்காரர்கள் எங்கள் ஊரை விட்டுப் போய்க் கொஞ்ச நாள் ஆகியிருந்தது. வெள்ளைக்காரர் தெருக்களையும் நம் தெருக்களையும் பிரிக்கிற பெரிய வாய்க்காலுக்கு இந்தப் பக்கம், ஒரு தெருவில், முன்னறையில் ஒரு பெஞ்சும் உள்ளறையில் ஒரு நாற்காலியுமாக இருந்தது எங்கள் ஆஸ்பத்திரி. ஆஸ்பத்திரி என்று நாங்கள்தான் சொல்லிக்கொண்டோம். டாக்டர் நம் ஊர்க் குடும்பம்தான், ஆனால் சைகோனில் பிறந்து வளர்ந்தவர், படித்தது பிரான்சில். தமிழ் பேசினால் நடுநடுவே நின்று வார்த்தையைத் தேடுவார். பிரெஞ்சில் ஐயா என்கிற மாதிரி, எல்லாரும் அவரை முசே என்று கூப்பிட்டோம். பல் பிடுங்குகிற கொறடு, வாய்க்குள் பார்க்கிற சின்னக் கண்ணாடி எல்லாவற்றையும் வெந்நீரில் போட்டு எடுப்பதும், விளக்குப் பிடிப்பதும், பிள்ளைகள் வந்தால் பக்கத்தில் நிற்பதும் என் வேலை. அதிகம் பேச வேண்டியதில்லை. எனக்குப் பொருந்திப்போனது.

நான் சேர்ந்த அன்றைக்கு முசே ஒன்றே ஒன்றுதான் சொன்னார்.

"இந்த ரூமில் 'வலிக்காது' சொல்லக் கூடாது."

"பின்ன இன்னா சொல்றது முசே?"

"கொஞ்சம் வலிக்கும், அப்படிச் சொல்லு. எப்ப முடியும், அதைச் சொல்லு. அப்புறம் வாய மூடிக்கோ."

வாயை மூடிக்கொள்வது எனக்குப் பிறவியிலேயே வந்தது. மற்றதுதான் கஷ்டமாக இருந்தது. அழுகிற பிள்ளையைப் பார்த்ததும் 'வலிக்காதுடா கண்ணு' என்பது தானாக வாயில் வந்துவிடும். நாக்கைக் கடித்துக்கொள்வேன்.

அந்தக் காலத்தில் குழந்தைக்குப் பல் பார்க்க டாக்டரிடம் போவது வழக்கமில்லை. பால் பல்தானே, விழுந்துவிடும் என்பார்கள். வலித்தால் லவங்கத் தைலம். அதற்கும் அடங்காவிட்டால் எங்கேயாவது பல் பிடுங்குகிறவனிடம் கூட்டிப் போவார்கள். போகும்போது, "ஒண்ணும் பண்ணமாட்டாங்க, சும்மா பாப்பாங்க" என்று பிள்ளையிடம் சொல்லுவார்கள். யாரும் கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை, ஆசையாகத்தான் சொல்வார்கள். எல்லா வீட்டிலும் அதுதான்.

ஒரு நாள் காலை ஒரு பெண்பிள்ளை தனியாக வந்து பெஞ்சின் கோடியில் உட்கார்ந்தாள். முதலியார்பேட்டையிலிருந்து நடந்தே வந்திருந்தாள், புருஷன் மில் வேலை. வந்தவர்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டு போனார்கள். இவள் மட்டும் எழுந்திருக்கவே இல்லை. நான் போய்க் கேட்டேன்.

"உனக்குப் பல்லு வலியாம்மா?"

"எனக்கு இல்லக்கா. எம் பொண்ணுக்கு."

"பொண்ணு எங்க?"

"வூட்டுல. மொதல்ல நான் பாத்துட்டு, அப்புறம் இட்டாரலாம்னு வந்தேன்."

"இங்க பாக்கறதுக்கு இன்னா இருக்குது? செவுரும் பெஞ்சும்தான்."

"உள்ள போற புள்ளைங்க எப்படி வெளிய வருதுன்னு பாக்கறேன்."

அந்த நேரம் பார்த்து ஒரு சின்னப் பையன் அழுதுகொண்டு வெளியே வந்தான். எனக்குச் சங்கடமாகிவிட்டது. இவள் எழுந்து போய்விடுவாள் என்று நினைத்தேன்.

"அழுவறானே," என்றேன், நானே முந்திக்கொண்டு.

"அழுவட்டுமே. பல்லு எடுத்தா அழுவாமையா இருப்பான். யாரு மேல சாஞ்சிக்கிட்டு அழுவறான்னு பாருக்கா."

பார்த்தேன். பையன் முசேயின் வெள்ளைக் கோட்டைப் பிடித்துக்கொண்டு, அதிலேயே மூக்கைத் துடைத்துக்கொண்டு அழுதான். தினமும் பார்க்கிற காட்சிதான், அதுவரை அது என் கண்ணில் பட்டதே இல்லை.

அப்புறம்தான் அவள் எழுந்து உள்ளே வந்தாள். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, "முசே, எம் பொண்ணு கடிப்பா," என்றாள்.

"எல்லாரும் கடிப்பாங்க அம்மா. பல்லு இருக்குதே."

அவள் சிரிக்கவில்லை. நின்றபடியே சொன்னாள். மகள் பேர் அஞ்சலை. அதற்கு முந்திய வருஷம் வேறொரு ஊரில் ஒருவனிடம் கூட்டிப் போனார்களாம். சும்மா பாப்பாங்க என்றுதான் சொல்லிக் கூட்டிப் போனார்கள். மாமன் காலைப் பிடித்துக்கொண்டான், அப்பன் கையைப் பிடித்துக்கொண்டான்.

"நாந்தான் முசே அவ கண்ணப் பொத்தினேன். அன்னிலேர்ந்து எங்கிட்ட வாய தொறக்கறதில்ல. சோறு போட்டா தட்ட எடுத்துக்கிட்டு செவுத்தப் பாத்து உக்காந்து துன்றா. இப்ப இன்னொரு பல்லு வலி. காட்டமாட்டேங்கறா. கன்னத்த தொட வுடமாட்டேங்கறா."

முசே கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"கூட்டிட்டு வாங்க. ஆனா சும்மா பாப்பாங்க, சொல்லாதீங்க. பல்லு எடுப்பாங்க, சொல்லுங்க."

"சொன்னா வருவாளா?"

"வரலன்னா நான் உங்க வீட்டுக்கு வரேன்."

மறுநாள் வரவில்லை. அதற்கு மறுநாள் மத்தியானம் வந்தார்கள், மூன்று பேருமாக. அஞ்சலை அப்பன் தோளில் இருந்தாள். முதல் வகுப்பு படிக்கிற வயசு. ஒரு பக்கக் கன்னம் வீங்கி, கண் பாதி மூடியிருந்தது. தொடாமலே உடம்புச் சூடு தெரிந்தது.

அப்பன்காரன் அவசரத்தில் இருந்தான். மத்தியான ஷிப்டு. "சங்கு ஊதறதுக்குள்ள முடிச்சிடுங்க முசே. நான் புடிச்சிக்கிறேன். தறி ஓட்டற கை இது, அசைய முடியாது அவளால."

முசே அவனைத் தனியாகக் கூட்டிப்போய்ச் சொன்னது எனக்கும் கேட்டது. சீழ் கண்ணை நோக்கி ஏறுகிறது, பல் இன்றைக்கே வெளியே வந்தாக வேண்டும், தள்ளிப்போட்டால் உயிருக்கே ஆபத்தாகலாம் என்றார். "அதனாலதான் சொல்றேன், புடிச்சிக்கிறேன்னு," என்றான் அவன். "இல்லை, நீங்க கதவுகிட்ட நில்லுங்க," என்றார் முசே.

நாற்காலியில் அஞ்சலை. முசே ஒரு குட்டை முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவர் தலை அவள் தலைக்குக் கீழே இருந்தது.

"பொன்ழூர் மத்மசேல்."

வணக்கம் சின்னம்மா என்று பிரெஞ்சில் சொல்வது அது. அவள் தட்டிலிருந்த கொறடைப் பார்த்தாள்.

"இன்னிக்குப் பல்லு எடுக்கணும். மரத்துப் போற ஊசி போடுவேன். ஊசி வலிக்கும். அப்புறம் பல்லு எடுக்கும்போது கொஞ்சம் வலிக்கும். நான் எண்ணிட்டே இருப்பேன், அன், தெ, த்ருவா, அப்படி. நீ கையைத் தூக்கினா நிறுத்திடுவேன்."

அவள் அவரைப் பார்த்தாள். வாயை ஒரு கீற்று திறந்தாள். கண்ணாடி கிட்டே போனது. கையைத் தூக்கினாள். முசே நிறுத்தினார். மறுபடி திறந்தாள், மறுபடி தூக்கினாள், மறுபடி நிறுத்தினார். இப்படியே போய்க்கொண்டிருந்தது.

"ஏய், வெளையாடறியா?" என்றான் அப்பன்.

"விளையாடட்டும்," என்றார் முசே.

ஊசிக்கு அழுதாள், ஆனால் கையைத் தூக்கவில்லை. கொஞ்ச நேரம் காத்திருந்தோம். முசே கொறடை எடுத்தார். நான் விளக்கைக் கிட்டே கொண்டு போனேன். அன், தெ. பல் ஆடியது எனக்கே தெரிந்தது. அப்போது அஞ்சலையின் கை மேலே போனது.

இந்த இடத்தைத்தான் நீங்கள் நன்றாகப் படிக்கவேண்டும். பல் முக்கால்வாசி வந்தாகிவிட்டது. இன்னும் ஒரு திருப்பு போதும். பிள்ளையின் உயிர் அதில் இருக்கிறது. வெளியே மில் சங்கு ஊதுகிறது. அப்பன் ஓடி வந்து, தூக்கின கையைப் பிடித்துக் கீழே இழுத்து, "வுடாதீங்க முசே, வந்துடுச்சி, இழுத்துடுங்க," என்கிறான்.

முசே கொறடை எடுத்துத் தட்டில் வைத்துவிட்டார்.

"கையை விடுங்க."

"எம் பொண்ணு சாவட்டுமா அப்ப? நீங்கதான சொன்னீங்க ஆபத்துன்னு."

"நான்தான் சொன்னேன். கையை விடுங்க."

அவன் விடவில்லை. அஞ்சலையின் அம்மா வந்தாள். அதுவரை சுவரோடு சுவராக நின்றிருந்தவள். புருஷனின் விரலை ஒவ்வொன்றாகப் பிரித்தாள்.

"வுடுய்யா. தூக்கினா நிறுத்தறேன்னு அவரு சொல்லியிருக்காரு. போன தபா நம்ம சொன்னது எதுனா நடந்துச்சா? இவரு சொன்னதாவது நடக்கட்டும். நீ வேலைக்குப் போ, சங்கு ஊதிடுச்சி."

அவன் வேலைக்குப் போகவில்லை. கதவோரம் தரையில் உட்கார்ந்து முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டான்.

முசே மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டார். நான் விளக்கை எங்கே பிடிப்பது என்று தெரியாமல் சுவரைப் பார்த்துப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

அஞ்சலை ரத்தத்தைத் துப்பினாள். நான் தண்ணீர் கொடுத்தேன். கொப்பளித்துவிட்டு முசேயைப் பார்த்துக் கேட்டாள்.

"பல்ல எடுத்துட்டு இன்னா பண்ணுவ?"

முசே என்னைப் பார்த்தார். நான் மூலையில் இருந்த பக்கெட்டைப் பார்த்தேன். வரும் பல்லெல்லாம் அதில்தான் போகும். அவருக்குப் பொய் சொல்லவும் வராது.

"அந்த பக்கெட்டில் போடுவோம்."

அவள் வாயை இறுக்கி மூடிக்கொண்டாள்.

அம்மாவுக்குத்தான் சட்டென்று புரிந்தது. "அய்யோ முசே, கூரை," என்றாள். முசேவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவளே எடுத்துச் சொன்னாள். விழுந்த பால் பல்லைச் சாணியில் பொதிந்து கூரை மேல் எறியவேண்டும், அப்போதுதான் புதுப் பல் முளைக்கும். போன தடவை பிடுங்கினவன் பல்லைச் சாக்கடையில் வீசிவிட்டான். அது இன்னும் முளைக்கவில்லை. அஞ்சலை தினமும் அந்த இடத்தை நாக்கால் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள், யாரிடமும் சொல்லாமல்.

நானும் இந்த ஊரில் பிறந்தவள்தான், என் பல்லெல்லாம் எங்கள் வீட்டுக் கூரையில்தான் போனது. ஆனாலும் அந்த அறைக்குள் இருந்தபோது அது எனக்குத் தோன்றவே இல்லை. வலியைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தோம் எல்லாரும்.

"எங்க வீட்டில் தலகாணி கீழே வைப்போம்," என்றார் முசே. "ராத்திரி எலி வந்து எடுத்துட்டுப் போகும்."

அஞ்சலைக்கு இது புதுசாக இருந்தது. "எலிக்கு எதுக்குப் பல்லு?"

"தெரியல. நான் கேட்டதே இல்ல."

கதவோரத்திலிருந்து துண்டுக்குள்ளே சிரிப்புச் சத்தம் வந்தது. "எங்க வூட்டு எலிங்களுக்கு இருக்கற பல்லே போதும் முசே," என்றான் அப்பன். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு மெதுவாக, "கூரையில போட்டா பத்து நாளுல முளைச்சிடும்னு சொல்லுங்க முசே, தொறந்துடுவா," என்றான்.

நானாக இருந்தால் சொல்லியிருப்பேன். உங்களில் பாதிப் பேர் சொல்லியிருப்பீர்கள். முசே சொல்லவில்லை.

"மத்மசேல், பல்லை உன் கையில தருவேன். கூரையில போடு. ஆனா சீக்கிரம் முளைக்காது. சாக்கடையில போன பல்லும் முளைக்கும், அதுவும் சீக்கிரம் இல்ல. ரெண்டும் ரொம்ப நாள் ஆகும்."

"எவ்ளோ நாளு?"

முசேவுக்கு வார்த்தை கிடைக்கவில்லை. சுற்றிப் பார்த்துவிட்டு என் தோளைத் தொட்டுக் காட்டினார். "நீ இவ்வளவு உயரம் வரணும்."

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "இந்தக்கா குட்டைதான்," என்றாள். பிறகு நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டாள். "எண்ணு."

த்ருவா சொல்லி முடிப்பதற்குள் பல் வந்துவிட்டது. அதன் பின்னாலேயே சீழும் வந்தது. அஞ்சலை ஓவென்று அழுதாள். நான் கையை நீட்டினேன், முசேவும் குனிந்தார். அவள் எங்கள் இரண்டு பேரையும் தாண்டி இறங்கி, அம்மாவின் வயிற்றில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். அம்மாக்காரி அப்படியே நின்றாள். பிள்ளையின் தலையில் கை வைக்கக்கூடப் பயந்தாள். கொஞ்ச நேரம் கழித்துத்தான் வைத்தாள்.

பல்லைக் கழுவி, பஞ்சில் சுற்றி, முசேயின் தீப்பெட்டியைக் காலி செய்து அதில் வைத்துக் கொடுத்தேன். அப்பன் மகளைத் தூக்கப் போனான். அவள் நடந்தே போனாள், தீப்பெட்டியைக் காதுகிட்டே வைத்து ஆட்டிப் பார்த்துக்கொண்டு.

அன்றைக்குச் சாமான்களைக் கழுவும்போது, கேட்கக் கூடாது என்று நினைத்தும் கேட்டுவிட்டேன். "அவ தொறக்காமலே இருந்திருந்தா இன்னா பண்ணியிருப்பீங்க முசே?"

அவர் யோசித்துத்தான் சொன்னார். "சாயங்காலம் வரைக்கும் பக்கத்தில் உக்காந்திருப்பேன். அப்புறம், 'இனிமேல் கையைத் தூக்கினாலும் நிறுத்தமாட்டேன், உன் உயிர் எனக்கு வேணும்', அப்படி அவகிட்ட சொல்லிட்டு எடுத்திருப்பேன். சொல்லாம எடுக்கமாட்டேன்."

இதை நான் எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்திருக்கிறேன். எப்போதும் நிறுத்தலாம் என்று அவர் சொல்லவில்லை. நிறுத்தமுடியாத நேரமும் வரும், அதையும் பிள்ளையின் முகத்தைப் பார்த்துச் சொல்லவேண்டும் என்றார். எனக்கு அது பெரிதாகப் பட்டது.

அதற்கப்புறம் எங்களிடம் காலித் தீப்பெட்டிகள் சேர்ந்துகொண்டே இருந்தன. பெட்டிக்கடைக்காரர்கூட எனக்காக எடுத்துவைப்பார். பல் எடுத்து முடிந்ததும் முசே ஒவ்வொரு பிள்ளையிடமும் கேட்பார், "கூரையா, எலியா?" வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் எலி என்பார்கள். நம் பக்கத்துப் பிள்ளைகள் கூரை என்பார்கள். ஒரு பையன் மட்டும் பாதியைக் கூரைக்கும் பாதியை எலிக்கும் கொடுக்கமுடியுமா என்று கேட்டான்.

வருஷங்கள் போயின. எங்கள் ஊரை இந்தியாவோடு சேர்த்துக் காகிதத்தில் எழுதிமுடித்தார்கள் என்று கடைத்தெருவில் பேசிக்கொண்ட சமயம். நான் விளக்கைத் துடைத்துக்கொண்டிருந்தேன். பாவாடை தாவணி போட்ட ஒரு பெண் விடுவிடென்று உள்ளே வந்து, ஒன்றும் பேசாமல் என் பக்கத்தில் ஒட்டி நின்றாள். என் தோளையும் தன் தோளையும் மாறிமாறிப் பார்த்தாள்.

"வந்துட்டேன்க்கா," என்றாள்.

எனக்கு அப்போதுதான் அடையாளம் தெரிந்தது. முசே கேட்பதற்கு முன்னாலேயே வாயை அகலத் திறந்து காட்டினாள். இரண்டு பல்லும் முளைத்திருந்தன. முசே விளக்கைக் கொண்டுவரச் சொல்லி ரொம்ப நேரம் பார்த்தார். அதில் பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை, நல்ல பற்கள். அவர் முகத்தை எங்களுக்குக் காட்டாமல் இருக்கத்தான் அப்படிக் குனிந்தே இருந்தார் என்று நினைக்கிறேன்.

அவள் தன் பல்லைக் காட்ட மட்டும் வரவில்லை. பின்னால் பிறந்த தம்பி ஒருவன், கன்னத்தைப் பிடித்துக்கொண்டு கதவுக்கு வெளியே நின்றான். அம்மாக்காரி முன்னறையில், அதே பெஞ்சின் அதே கோடியில் உட்கார்ந்திருந்தாள். இந்தத் தடவை அவள் கதவைப் பார்க்கவில்லை. மடியில் முருங்கைக்கீரையை வைத்து உருவிக்கொண்டிருந்தாள்.

தம்பி உள்ளே வரமாட்டேன் என்றான். "வலிக்குமா?" என்று அக்காவைக் கேட்டான்.

"வலிக்கும்டா," என்றாள் அஞ்சலை. "கையத் தூக்கு, நிறுத்துவாரு. எனக்கு நிறுத்தினாரு."

அவன் அவள் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தான். அப்புறம் தானாகவே நடந்து வந்து நாற்காலியில் ஏறினான்.

அதனால் பெண்களே, இந்த டாக்டர் நல்லவரா என்று உங்களை யாராவது கேட்டால், நல்லவர், கைராசிக்காரர் என்று நீங்கள் சொல்லவேண்டாம். "புள்ளய வூட்டுல வுட்டுட்டு ஒரு நாளு வந்து உக்காந்து பாரும்மா," என்று சொல்லுங்கள். யாராவது ஒருத்தி சும்மா வந்து பெஞ்சில் உட்கார்ந்து முறைத்துக்கொண்டே இருந்தால், என்ன வேணும் என்று விரட்டாதீர்கள். குடிக்கத் தண்ணீர் கொடுங்கள். அவள் தன் வேலையைப் பார்க்கிறாள்.

எழுதிவிட்டேன். எந்தப் பல் எந்த வயசில் முளைக்கும் என்பதை உங்கள் டாக்டரிடம் காட்டிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். பிரெஞ்சு எண்களை என் காதில் விழுந்தபடி எழுதியிருக்கிறேன், தெரிந்தவர்கள் திருத்துங்கள். அஞ்சலை திரும்பி வந்த வருஷத்திலும் எனக்குச் சந்தேகம் இருக்கிறது. அன்றைக்கு அவள் என் தோள் அளவுக்கு இருந்தாளா, தோளைத் தாண்டிவிட்டாளா என்பதும் இப்போது மங்கிவிட்டது. முதலியார்பேட்டைப் பக்கமிருந்து, பேரப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு, "வலிக்கும்டா" என்று சொல்லியபடி யாராவது உள்ளே வந்தால், அவளிடமே கேட்டு அந்த ஒன்றை மட்டும் திருத்திப் போடுங்கள்.